குன்னத்தூர் வண்டியின் டெம்பரேச்சர் முள்

நடந்ததைச் சொல்லும் முன் என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல் பட்டதாரி. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருந்து, மேனேஜராக ஓய்வு பெற்றவன். பாய்லர், கம்ப்ரசர், ஜெனரேட்டர், பதினோரு வண்டிகள் எல்லாம் என் கையெழுத்தில் ஓடின. நான் 'சரி' என்று எழுதி அனுப்பிய வண்டி வழியில் நின்றதாக ஒருவரும் சொன்னதில்லை. இன்று அந்த நிறுவனத்தில் வேறு விதமாகப் பேசுகிறார்கள். ஆகவே இக்குறிப்பு.

1. அழைப்பு

ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் முதலாளி போன் செய்தார். என் காலத்துப் பெரிய முதலாளியின் மகன், என்னிடம் மரியாதை உள்ளவர். கட்டிங் முடிந்த பீஸ்களைக் குன்னத்தூர் தையல் யூனிட்டுக்குக் கொண்டுசெல்லும் பழைய பிக்கப் வண்டியில் டெம்பரேச்சர் முள் திடீரென்று சிவப்புக் கோட்டுக்கு ஏறுவதாகவும், சிறிது நேரத்தில் தானாக இறங்குவதாகவும் சொன்னார்.

"செல்லத்துரை ஓட்டுனா மட்டுந்தானுங்க சார் ஏறுது. மாத்து டிரைவர் ஓட்டுனா ஒண்ணுமில்லீங்க. ஆளு வண்டியப் போட்டு முறுக்குறாப்லயோ என்னமோ. நீங்க பாத்துச் சொல்லுங்க. அவருதான் காரணம்னா லோடிங்குக்கு மாத்தீரலாம்னு இருக்கறேனுங்க."

செல்லத்துரை தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிழைப்புக்கு இங்கே வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்டியரிங் பிடித்தவருக்கு லோடிங் வேலை என்பது தண்டனைதான்.

நம் ஊரில் வண்டி சூடானால் முதலில் பஞ்சைத்தான் குற்றம் சொல்வோம். துணியிலிருந்து பறக்கும் பஞ்சு ரேடியேட்டரில் படிந்து காற்றை அடைத்துவிடும். கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது வழக்கம். நான் போவதற்கு முன்பே ஊதியிருந்தார்கள். தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தார்கள். சென்சாரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். முள் அசைந்துகொண்டுதான் இருந்தது.

2. நான்காம் நாள்

முதல் நாள் வண்டியை நிறுத்திவைத்துச் சோதித்தேன். கூலன்ட் சரியாக இருந்தது. ஃபேன் பெல்ட்டும் சரி. ஓடும்போதுதான் கோளாறு தெரியும் என்பதால், இரண்டாம் நாள் முதல் டெஸ்ட் ரன் வைத்தேன். என் வீடு வண்டி போகும் பெருமாநல்லூர் சாலையிலேயே இருக்கிறது. செல்லத்துரை எட்டரைக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

பிரிண்டிங் செக்ஷனில் பிரிண்ட்டைக் காயவைக்கும் சூட்டை, தொடாமலே அளக்கும் டெம்பரேச்சர் கன்னை வாங்கி வந்திருந்தேன். முள் சிவப்பைத் தொட்டதும் ஓரமாக நிறுத்தச் சொல்லி, தெர்மோஸ்டாட் ஹவுஸிங்கில் காட்டினேன். எண்பத்தாறு டிகிரி, ஓடும் இன்ஜினுக்கு வழக்கமான அளவு. இன்ஜின் சூடாகவே இல்லை. முள்தான் பொய் சொன்னது.

வளைவில்தான் ஏறுகிறது என்று செல்லத்துரை பல மாதங்களாகச் சொல்லியிருக்கிறார். ஒர்க்‌ஷாப்பில் சிரித்திருக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. நான்காம் நாள் ஒரு வலது திருப்பத்தில் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இண்டிகேட்டர் துடிக்கத் துடிக்க முள்ளும் துடித்துத் துடித்து ஏறியது. "இண்டிகேட்டரை ஆஃப் பண்ணுங்க" என்றேன். முள் இறங்கியது.

விளக்குகளுக்கும் மீட்டருக்கும் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடிக்குத் திரும்பும் இணைப்பு, ஒன்றே. குன்னத்தூரில் அவர் பீஸ் இறக்கிக் கையெழுத்து வாங்கப் போயிருந்தபோது டேஷ்போர்டுக்கு உள்ளே பார்த்தேன். எர்த் போல்ட் துருப்பிடித்து, அதன்மேல் எண்ணெயும் பஞ்சும் அப்பியிருந்தன. விளக்கு எரியும்போது அந்த மோசமான இணைப்பில் கரண்ட் தடைபட்டு மீட்டரைக் குழப்புகிறது. துரு போக எமரித் தாளால் தேய்த்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முறுக்கினேன். அரைமணி வேலை.

மாற்று டிரைவருக்கு ஏன் முள் ஏறவில்லை என்பதும் அப்போது விளங்கியது. அவர் கையை வெளியே நீட்டுவதோடு சரி. இண்டிகேட்டர் போடுவதே இல்லை. எல்லா டிரைவர்களும் திருப்பத்தில் இண்டிகேட்டர் போட வேண்டும் என்று முன்னொரு காலத்தில் நோட்டீஸ் ஒட்டியவன் நான். அதை மதித்தவர் செல்லத்துரை ஒருவர்தான். அதற்காகத்தான் அவர் பெயர் கெட்டது.

திரும்பி வந்தவர் கையில் இரண்டு டீ இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். "நாளைக்கும் எட்டரைக்கு வாரேன் சார்" என்றார்.

"வாங்க" என்றேன்.

3. எட்டு நாட்கள்

என் மனைவி இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், ஞாயிறுதோறும் பேசுவாள். மற்ற ஆறு நாட்களில் என் குரலை நானே கேட்பதில்லை. வண்டி சரியானதைச் சொல்லாமல் விட்டதற்கு இதைக் காரணமாகச் சொல்கிறேன்; நியாயமாக அல்ல.

மேலும் எட்டு நாள் டெஸ்ட் ரன் தொடர்ந்தது. எட்டு மணிக்கே வீட்டைப் பூட்டிவிட்டு கேட்டில் நிற்பேன். அவர் மகள் நர்சிங் படிப்பதையும், ஊரில் தம்பி உப்பளத்தில் படும் பாட்டையும் சொல்லிக்கொண்டே வருவார். "டெஸ்ட் ரன்னுக்கு அயர்ன் பண்ணின சட்டையா சார்? பொண்ணு பாக்கப் போற மாதிரில்லா இருக்கு" என்று ஒருநாள் கேலி செய்தார். பணியில் இருந்த காலத்தில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

ஒன்பதாம் நாள் முதலாளி போனில் விசாரித்தார். இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அது பொய்.

பன்னிரண்டாம் நாள் ஓட்டிக்கொண்டே செல்லத்துரை, தன்னை நாளையிலிருந்து லோடிங்குக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்றார்.

"முள்ளு எட்டு நாளா அசையல சார். எனக்குத் தெரியும்."

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"கேட்டா மறுநாள் நீங்க வரமாட்டீங்கள்லா."

வண்டியைத் திருப்பச் சொல்லி நேராக அலுவலகம் போனேன். கோளாறு எர்த்தில், டிரைவர்மீது தவறில்லை, வண்டி இப்போது சரியாகிவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் உத்தரவை ரத்து செய்தார். பிறகு, "பன்னெண்டு நாளு ஆயிருச்சுங்களே சார். பரவாயில்லீங்க, வயசாகுதல்லங்க" என்றார். நான் மறுக்கவில்லை. எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டிலும் தேதியை விட்டுவிட்டேன்.

இளைய மெக்கானிக்குகளுக்கு இரண்டு விஷயங்கள். மீட்டர் தாறுமாறாகக் காட்டினால், சென்சாரை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள். கோளாறு தெரிந்த அன்றே தேதியோடு எழுதிவிடுங்கள். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளையும் வேறொருவர் சுமப்பார்.

டெஸ்ட் ரன் முடிந்துவிட்டது. பிக்கப் இன்றும் எட்டரைக்கு என் வீட்டைக் கடந்து போகிறது. அங்கே திருப்பம் கிடையாது. ஆனாலும் இண்டிகேட்டர் இரண்டு முறை துடிக்கிறது.

முதலாளி இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். செல்லத்துரை முறுக்கியதால்தான் வண்டி சூடானது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். வண்டி சூடாகவே இல்லை. எனக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது என்கிறார்கள். நான்காம் நாள், காலை பத்தேகாலுக்கு அதைச் சரிசெய்து முடித்தேன்.