பாதிச் சவரத்தில் வந்த செய்தி

நான் கேவலமான கோலத்தில் இருக்கும்போதுதான் பெரிய செய்திகள் வரும். போன முறை ஒரு தலைவர் இறந்தபோது, மாமியார் வீட்டுக் கழிவறையில் தாழ்ப்பாள் சிக்கி உள்ளே கிடந்தேன். இன்று திருவொற்றியூர் சலூனில், பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியே கடைகளின் ஷட்டர்கள் தடதடவென்று இறங்குகின்றன.

"தலைவர் பூட்டாராம்பா! பஸ்ஸெல்லாம் நிறுத்துறானுங்க!" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடுகிறார்.

என் தொண்டைமேல் கத்தி அப்படியே நிற்கிறது. பிடித்திருக்கும் கை நடுங்குகிறது.

"எம் பொண்ணு பெரம்பூர்லேந்து பஸ்ல வந்துகினு கீது சார். போன் எடுக்க மாட்டேங்குது," என்கிறார் கடைக்காரர் ராயப்பன். "போன தபா பஸ் கண்ணாடிய ஒடச்சானுங்க. நான் உள்ள இருந்தேன்." அவர் புருவத்தின்மேல் தழும்பு.

"மொதல்ல கத்திய எடுங்கண்ணே. நீங்க போங்க, கடைய நான் பாத்துக்கறேன்."

"மூஞ்சி பாதில நிக்குதே சார்?"

"முழுசா இருந்தாலும் பெருசா ஒண்ணுமில்லண்ணே."

சிரிக்காமல், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடுகிறார். நுரை காய்ந்து கன்னம் இழுக்கிறது. ஷட்டருக்கு அடியில் ஓடும் கால்கள் மட்டும் தெரிகின்றன. எங்கோ கண்ணாடி உடைகிறது. எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் கால்களை வெகுநேரம் தேடுகிறேன்.

கடைசியில் நான்கு கால்கள் வந்து நிற்கின்றன. இரண்டில் ராயப்பனின் ரப்பர் செருப்பு. மற்ற இரண்டும் வெறுங்கால்கள், முழங்கால் வரை புழுதி.

அவள் குனிந்து என்னைப் பார்க்கிறாள். "இன்னா நைனா, இவுர இப்டி உட்டுட்டா வந்தே? நான் தண்டையார்பேட்டைலேந்து நடந்தே வந்துகினு இருந்தேன்ல?"

ராயப்பன் மறுபடி கத்தியை எடுக்கிறார். கை இன்னும் நடுங்குகிறது. நான் மெல்ல எழுந்துகொள்கிறேன். இந்தச் செய்தி வந்தபோது எங்கே இருந்தாய் என்று யாராவது கேட்டால், மழிக்காத மறு கன்னத்தைக் காட்டிக்கொள்ளலாம்.