வளைவில் நின்ற கல்

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று டிரைவிங் மாஸ்டர் கத்தினால், கார் ஓட்டப் பழகுகிறவர்கள் யாரையோ இடித்துவிட்டோமென்று பதறிப்போய் பிரேக்கை மிதிப்பார்கள். அதற்குள் மாஸ்டர் இறங்கி, சாலையோரப் பள்ளத்தில் மண்டியிட்டு ஒரு கல்லைத் தடவிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அது வெறும் கல்தான்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. குன்றடியிலிருந்து ஆற்றுத்துறைவரை, சக்கரம் வருவதற்கு முன்பே மனிதர்கள் நடந்த பாதை ஒன்று ஊருக்கடியில் ஓடுகிறது என்பது அவர் கட்சி. வரப்பு நேராக இருந்தால் சந்தேகப்படுவார். வளைந்திருந்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார். கல்லைத் தாண்டிப் போய்விட்டால் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்வார். அதனாலேயே அவரிடம் பழகியவர்கள் ரிவர்ஸில் புலிகள்.

"கல்யாண நாள் ஞாபகமிருக்காது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எவன் எந்தப் பக்கம் போனான்னு மட்டும் தெரியும்" என்பார் அவர் மனைவி. மாஸ்டர் மறுப்பதில்லை.

அவருடைய பாதைக்கு ஒரே சாட்சி, பெரிய வளைவில் ஆளுயரத்துக்கு நிற்கும் கல். சாலையை அகலப்படுத்த அதைப் பெயர்க்கப் போகிறார்கள் என்றதும் சாலை இன்ஜினியரின் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்து, அவரைக் கரைத்துவிட்டார். பழைய கல்தான் என்று உறுதியானால் சாலையைச் சற்று ஒதுக்கிப் போடுவதாகச் சொல்லியிருந்தார் அவர். மறுநாள் பார்வையிட வருகிறார்.

அன்று வண்டி ஓட்டியது ஒரு நர்ஸ். வளைவில் நிறுத்தச் சொல்லி, கல்லின் இடுப்பிலிருந்த கீறல்களைக் காட்டினார் மாஸ்டர்.

"பாத்தீங்களாம்மா? ஆதி மனுஷன் கைவேலை."

நர்ஸ் தயங்கினாள். "அது கிரேன் சங்கிலி உரசினது மாஸ்டர். வளைவுல லாரிங்க எங்க வீட்டுச் சுவரை இடிச்சிக்கிட்டே இருந்துச்சுன்னு எங்கப்பாதான் இதை நட்டாரு. நான் அப்ப சின்னப் பொண்ணு."

பாவம், மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. காருக்குள் வந்து உட்கார்ந்தார்.

"நான் வாயே திறக்கமாட்டேன் மாஸ்டர். யாருக்குத் தெரியப்போகுது?"

"வேணாம்மா. நாளைக்கு இதை நம்பி இன்னொருத்தன் மேப்புல கோடு போடுவான்."

இன்ஜினியருக்கு அவரே போன் செய்தார். "சார், நான் ஏமாந்துட்டேன். இது இங்க நின்ன கல்லே இல்ல. எடுத்துக்குங்க." தன் பாதையைக் குறித்துவைத்திருந்த, ஒட்டுப்போட்டே தடித்துப்போன வரைபடத்தை மடிமேல் விரித்து, பென்சில் கோட்டை அழித்தார். ரப்பர் துகள் கியர்மேல் உதிர்ந்தது. பாதி அழித்தவர் கையை நிறுத்தினார்.

"ஆமா, இவ்வளவு பெரிய கல்லை உங்கப்பா எங்கேருந்து கொண்டுவந்தாரு?"

"குன்றுக்கு அந்தப் பக்கம் முள்ளுக்காட்டுலேருந்து. அங்க இதே மாதிரி வட்டமா நட்டு வச்சிருக்கு மாஸ்டர், நிறைய, எந்தக் காலத்துதோ. சாஞ்சு கிடந்த ஒண்ணைத்தான் தூக்கிட்டு வந்தாரு."

குன்றுக்கு அந்தப் பக்கம் கார் போகாது. அவரும் போனதில்லை. மாஸ்டர் வண்டியை எடுக்கச் சொல்லிக் குன்றின் பக்கம் கையைக் காட்டிவிட்டு, சீட் பெல்ட்டை இழுத்தார். கண் குன்றை விட்டு நகராததில் கொக்கி மாட்டவே இல்லை. கடைசியில் நர்ஸ்தான் எட்டி மாட்டிவிட்டாள்.