மதகுக்குள் மூன்று செல் விளக்கு

1972 மே 18, வியாழக்கிழமை. காலை 6.40: தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி பஸ் புறப்பட்டது. தொலைவு முப்பத்தேழு கிலோமீட்டர். கட்டணம் ஒரு ரூபாய் இருபது காசு. 8.15: மன்னார்குடி. 9.00: திருத்துறைப்பூண்டி செல்லும் பஸ். 9.50: சாலையோரக் கிராமம் ஒன்றில் இறங்கினேன். பிற்பகல் 3.10: அவ்வூர் வாய்க்கால் மதகுக்குள் நுழைந்தேன். 3.25: வெளியே வந்து, உள்ளிருக்கும் கல்லில் எழுத்து எதுவும் இல்லை என்றேன். 3.30: ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். 4.05: நான் சொன்னது தவறென்று தெரிந்தது.

ஊரின் பெயரை எழுதாததற்குக் காரணம், விசாரணை இன்னும் முடியவில்லை என்பதே.

நான் புறப்பட்டது ஒரு டார்ச் விளக்கைச் சோதிப்பதற்காக. நிக்கல் பூசிய பித்தளை உடல், பத்தரை அங்குல நீளம், மூன்று செல். தலைப்பகுதியை வலப்புறம் திருகினால் ஒளி குவியும். இடப்புறம் திருகினால் விரியும். முகத்தில் அடிக்காத வெளிச்சம் வேண்டும் என்று என் மனைவி கேட்டிருந்தாள். பினாங்கில் கடை வைத்திருக்கும் முத்துப்பேட்டை நண்பர் ஒருவருக்கு எழுதினேன். அவர் அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தபோது அவள் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. நாற்பதாண்டு இயற்பியல் கற்பித்தவன் ஒரு கருவியைச் சோதிக்காமல் பெட்டியில் வைக்கலாகாது. முத்துப்பேட்டைக் காயலில் ஒளி எவ்வளவு தொலைவு செல்கிறது என்று அளந்துவிட்டு, நண்பருக்கு முறையாக மதிப்பீடு எழுதுவதாக இருந்தேன். வழியில் என் பழைய மாணவர் சந்தானம் தலைமையாசிரியராக இருக்கும் ஊரில் ஒரு நாள் தங்கல்.

பஸ்ஸில் கண்டக்டர் என் மடியைப் பார்த்தார்.

“துண்டுல சுத்தி வச்சிருக்கீங்களே, நாயனமா சார்?”

“டார்ச்.”

“பட்டப்பகல்ல டார்ச்சா? எங்க டிரைவர் கண்ணுக்கு வேணா அடிங்க. காலைலேர்ந்து ஒரு பள்ளம் விடாம இறக்கிட்டிருக்கார்.”

டிரைவர் திரும்பாமலே, “சார், அவன் கணக்குப் பையில அடிச்சுப் பாருங்க, சில்லறை நிறைய இருக்கும். கேட்டா இல்லம்பான்” என்றார்.

வெண்ணாற்றில் தண்ணீர் இல்லை. மணல் வெளுத்துக் கிடந்தது. மேட்டூர் திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. டீக்கடைகளின் முன் கறுப்பு சிவப்புக் கொடியும் செங்கொடியும் பத்தடி இடைவெளியில் நின்றன. இரண்டு கடையிலும் பேச்சு ஒன்றுதான்: யார் பெயரில் நிலம், யார் பெயரில் குத்தகை. உச்சவரம்புச் சட்டம் வந்தபின் பெரிய பண்ணைகள் உறவினர் பெயர்களில் பிரிந்திருந்தன. குத்தகையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தபின் சாகுபடியாளர்கள் தாலுகா அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

சந்தானம் வீட்டில் காலை முழுவதும் விளக்கைச் சோதித்தேன். சன்னல்களை அடைத்த நெல் அறையில், ஐந்தடி தொலைவில் குவித்த ஒளி ஓர் உள்ளங்கை அளவு விழுந்தது. விளிம்பு கத்தியால் நறுக்கியதுபோல் இருந்தது. திருகலில் கரகரப்பு இல்லை; எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நின்றது. குறை ஒன்றைக் கண்டேன்: முழுவதும் விரித்தால் நடுவில் கருவட்டம் விழுகிறது. இது எதிரொளிக்கும் கிண்ணத்தின் இயல்பு. செய்தவரின் பிழை அன்று. மொத்தத்தில், இவ்வளவு நேர்மையான கருவியை அண்மையில் நான் கையாண்டதில்லை.

இரண்டு மணிக்கு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் அஞ்சலை. மூன்று மா நிலம், ஏறத்தாழ ஓர் ஏக்கர், குத்தகைக்குச் செய்கிறார்.

“வாத்தியாரய்யா, ஊருக்கு ஒரு பெரிய லைட்டு வந்திருக்காமே. ஒரு நாழி வேணுங்க.”

விஷயத்தைச் சந்தானம் விளக்கினார். வாய்க்கால் தண்ணீர் சாலைக்கு அடியில் கல் பாவிய மதகு வழியே செல்கிறது. நீளம் இருபதடி, உள்ளே குந்தித்தான் நகரலாம். அதன் இடச் சுவரில் ஒரு சிறிய மடை. அஞ்சலை வயலுக்கு அந்த ஒரு வழியில்தான் தண்ணீர். நிலத்துக்குச் சொந்தமான பண்ணையின் காரியக்காரர் வைத்திலிங்கம் அந்த மடையைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அது பழைய மடையே இல்லை, சாகுபடிக்காரர்கள் திருட்டுத்தனமாக உடைத்தது என்பது அவர் வாதம். மடையின் மேல்கல்லில் புல எண் வெட்டியிருக்கிறது என்று அஞ்சலையின் மாமனார் சொல்லியிருந்தார். எண் இருந்தால் அது சர்க்கார் வைத்த பழைய மடை. இல்லையென்றால் இந்த ஆண்டு அந்த மூன்று மாவும் தரிசு. தண்ணீர் இல்லாத நிலத்தில் குத்தகைப் பதிவு நிற்பதும் கடினம். ஆண்டு நிலக்கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்கு முன் இடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் அன்று மூன்று மணிக்கு வருகிறார்.

வந்தார். இளைஞர், வெள்ளைக் கால்சட்டை அணிந்திருந்தார். மதகின் வாயைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கி, “சார் படிச்சவங்க, நடுநிலையானவங்க. நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க” என்றார்.

வைத்திலிங்கமும் ஒப்புக்கொண்டார். “ரயில் எஞ்சின் லைட்டாட்டம் இருக்கு. இதுக்குத் தெரியாதது இனிமே யாருக்குத் தெரியப் போவுது?”

உள்ளே சேறு காய்ந்து வெடித்திருந்தது. மேல்கல்லைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் எதிரே அமர்ந்து, ஒளியை முழுவதும் குவித்து அடித்தேன். கல் வெள்ளித்தட்டுப்போல் பளபளத்தது. அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். கொத்திய தடம்கூட இல்லை. கால்மணி நேரம் பார்த்தேன். பிறகு வெளியே வந்து, பார்த்ததைச் சொன்னேன். என் மனத்தில் ஐயம் இருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் என் பெயரையும் பட்டங்களையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அஞ்சலை அழவில்லை; கோபிக்கவுமில்லை.

“லைட்ட எப்படிங்க புடிச்சீங்க?”

“நேராக.”

“நேராவா?” அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பரம்படிச்சு சமனாக்கின வயல்ல மேடு பள்ளம் உச்சி வெயில்ல தெரியுமாங்க? காலைல வெயில் சாஞ்சு வர்றப்ப, கரைல குந்தி, எதிர்வெயில்ல பார்க்கணும். ஒரு விரக்கடை மேடா இருந்தாலும் நெழலு காட்டிக் குடுத்துரும். நீங்க உச்சி வெயிலாட்டம் அடிச்சிருக்கீங்க.”

“அடடா! பேராசிரியருக்கே பாடமா?” என்றார் வைத்திலிங்கம். “எழுதியாச்சு, போம்மா.”

“எழுதினது காகிதத்துலதானேங்க, கல்லுல இல்லியே. ஐயா, நீங்க வாங்க.”

சாய்வொளியில் நிழல் நீளும் என்பதை எத்தனை வகுப்புகளில் வரைந்து காட்டியிருக்கிறேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. மீண்டும் நுழைந்தேன். அஞ்சலை முன்னே சென்றார். விளக்கை வாங்கி, கல்லின் பக்கத்தில் கன்னத்தை வைப்பதுபோல் வைத்து, அதன் தலைப்பகுதியைத் திருகினார். குவித்தபோது பக்கத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் ஒளிர்ந்தது. முழுவதும் விரித்தபோது கருவட்டம் நடுவே விழுந்தது. இரண்டுக்கும் இடையில், கால் திருகலில், அவர் நிறுத்தினார். ஒளி கல்லின் மேல் பாய்விரித்ததுபோல் படர்ந்தது. ஓர் அம்புக்குறி நிழலாக எழுந்தது. அதன் கீழே 2. பிறகு 1. மூன்றாவது இலக்கம் சுண்ணாம்பு படிந்து 1 என்றும் 7 என்றும் கொள்ளும்படி இருந்தது.

நான் குனிந்து நெருங்கியபோது ஒளி என் கண்ணில் பட்டது. அவர் உடனே என் பக்கம் வந்த ஒளியை மறு கையால் மறைத்தார்.

“இப்ப கூசலியேங்க?”

முகத்தில் அடிக்காத வெளிச்சம்: என் மனைவி கேட்டது. கூசவில்லை என்றேன்.

இன்ஸ்பெக்டரைக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வரச் செய்தது அஞ்சலைதான். “துவைச்சுத் தர்றேங்க, வாங்க” என்று மதகின் வாயிலிருந்து கூப்பிட்டார். அவரும் பார்த்தார். வைத்திலிங்கம் பார்த்துவிட்டு, “கீறலு” என்றார். அவர் குரலில் மூன்று மணிக்கு இருந்த உறுதி இல்லை.

முதலில் எழுதிய வரியை அடித்துவிடும்படி கேட்டேன்.

“அடிக்கக் கூடாது சார். அதுவும் இருக்கும், கீழே இதையும் எழுதுறேன். கல்லுல இருக்கிறது 217ன்னு வச்சா, அந்தம்மா வயல் எண்ணும் 217தான். ஆனா கல்லுல கடைசி எழுத்து தெளிவா இல்ல. தாசில்தார் முடிவு பண்ணுவார்.”

“தவறு என்னுடையது என்று எழுதுங்கள்.”

எழுதினார். கீழே கையெழுத்திட்டேன். ஒரே தாளில், ஒரே மனிதனின் பெயரில், இல்லை என்றும் இருக்கிறது என்றும் இரண்டு வாக்குமூலங்கள் இருக்கின்றன. பண்ணையின் வக்கீல் எதைப் படிப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மறுநாள் காலை 7.20க்குப் பஸ் ஏறினேன். முத்துப்பேட்டைக்கு அல்ல, தஞ்சாவூருக்கு. தெற்கு வீதியில் என் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதற்கு நான் யாருக்கும் எந்தக் கல்லையும் காட்டியதில்லை. விளக்கைப் பற்றிய என் மதிப்பீடு மாறவில்லை. மிகச் சிறந்த கருவி. சோதித்தவனைப் பற்றி நண்பருக்கு எழுதும் கடிதம்தான் நீள்கிறது.

செய்யாமல் நிற்பவை:

மேல்கல்லின் சுண்ணாம்பைச் சுரண்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காகிதம் வைத்துக் கரியால் படியெடுக்க வேண்டும். ஜமாபந்திக்கு ஒன்பது நாள் இருக்கிறது.

என் முதல் வாக்குமூலம் எவ்வாறு தவறாயிற்று என்பதைப் படத்துடன் தாசில்தாருக்கு எழுத வேண்டும். இரண்டு முறை எழுதினேன். இரண்டிலும் என் பட்டங்கள் முதல் வரியில் வந்துவிட்டன.

காயலில் ஒளியின் தொலைவை அளக்கவில்லை.

தவறு என்னுடையது என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அஞ்சலையிடம் சொல்லவில்லை.