எமதூதனைக் கட்டிய கயிறு

மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தை வேடிக்கை பார்க்கத்தான் கொழும்பிலிருந்து தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். சாயங்காலமே மூடுபனி தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை மறைத்துவிட்டது. எமதூதன் வேஷக்காரருக்குச் சாமி வந்தால் அடக்க முடியாதாம். இடுப்பில் கட்டிய இரண்டு கயிறுகளில் ஒன்றை அவருடைய தம்பி பிடித்துக்கொண்டார். மற்றதை என்னிடம் நீட்டினார்.

"திருநீறு பூசிச் சாமி எறங்குற வரைக்கும் விட்டுறாதீங்க, சார்."

நடிப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கு எரிச்சல். தப்புப் பறை முழங்கியது. அவர் ஆடிய ஆட்டத்தில் கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. திடீரென்று என் காலடியில் சுருண்டு விழுந்தார். தப்பு நின்றது. தம்பி ஓடிவந்து இடுப்புக் கயிறுகளை அவிழ்த்துப் போட்டார். திருநீற்றுத் தட்டு இன்னும் வந்து சேரவில்லை.

என் கையிலிருந்த கயிறு மட்டும் விறைப்பாக நின்று, என்னைப் பனிக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.