யார் சொன்னாலும் பிழை பிழைதான்

தர்க்க வினாக்களுக்கு விடை எழுதச் சொல்லிக்கொடுப்பது, நன்றாகப் பேசத் தெரிந்தவர்களை முதலில் வாய்மூட வைக்கும் தொழில். மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மாடியில், சட்டப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சைக்கு வகுப்பு நடத்துகிறேன். நாலு வரியில் ஒரு வாதம் கொடுத்து, 'இதைப் பலவீனப்படுத்துவது எது?' என்று கேட்டு ஐந்து விடைகளை நீட்டுவார்களே, அந்தக் கண்டம்தான் என் பாடம். அதில் மாட்டி விழித்த சகபாவிகளுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தடவை எனக்குக் கவலை தந்தவள் ரிஸானா. போன தடவை எழுதித் தவறியவள். அவளுடைய வாப்பா மிளகு, கராம்பு மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார். "இன்னொரு தடவை மட்டும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவர் ஒரு சொல் சொன்னால் எதிர்த்துப் பேச ஊரில் ஆளில்லை.

ஆறாவது விடை

நவாஸ் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் தரகர். விடிய விடிய வியாபாரம் பார்த்துவிட்டுத் தூங்காமல் வகுப்புக்கு வருவார். ஒருநாள் வினா இது: 'தக்காளி விலை இறங்கிவிட்டது. எனவே விளைச்சல் கூடியிருக்க வேண்டும்.' இந்த வாதத்தைப் பலவீனப்படுத்த வேண்டும். 'அந்த வாரம் வாங்குவதற்கு லொறிகள் வரவில்லை' என்பது சரியான விடை. விலை இறங்க வேறொரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா?

நவாஸ் ஐந்தையும் வெட்டிவிட்டு, கீழே ஆறாவதாகச் சொந்தமாக ஒரு விடையை எழுதிவைத்திருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாளில் யானை பறக்கிறது என்று போட்டிருந்தால் பறக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், உங்கள் சந்தையை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னார்: "லொறி வராத வாரம்னு ஒன்னு தம்புள்ளையில இல்ல டீச்சர். இதை எழுதினவர் ஒருநாளாவது விடியக்காலையில அங்க வந்து நின்னு பாக்கணும்."

அதிபருக்குத் தெரியாதா?

ரிஸானாவின் நோய் வேறு. வேகமாக வாசிப்பாள், கவனமாகவும் வாசிப்பாள். ஆனாலும் பாதி விடை பிழையாகிவிடும். அவள் எழுதிய மாதிரித் தாள்களையெல்லாம் ஒரு ஞாயிறு முழுக்கப் பரப்பிவைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. வாதத்தைச் சொல்பவர் கடைக்காரராகவோ இளைஞராகவோ இருந்தால் பிய்த்து எறிந்துவிடுவாள். டொக்டர், பள்ளிக்கூட அதிபர், மௌலவி என்று வந்தால் போதும், பலவீனப்படுத்தச் சொன்ன இடத்தில் அந்த வாதத்துக்கு முட்டுக்கொடுக்கும் விடையைத் தேடிப் போடுவாள்.

ஓர் அதிபர், காலைக் கூட்டத்தை நிறுத்திய பிறகு பிள்ளைகளின் வரவு கூடியது, எனவே கூட்டம்தான் பிள்ளைகள் வராததற்குக் காரணம் என்கிறார். அதே மாதம் அந்த ஊருக்குப் புது பஸ் ஓடத் தொடங்கியது என்று ஒரு விடை கண்முன்னே கிடக்கிறது. அவள் அதைத் தொடவே இல்லை. சொன்னவர் யார் என்பதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வாசி என்று பழக்கினேன். மறைத்தால் சரியாக வரும், விரலை எடுத்தால் திரும்பவும் பழையபடிதான். கண் கலங்கக் கேட்டாள்: "அதிபர் சொன்னதை நான் எப்படி டீச்சர் பிழைன்னு சொல்றது? அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

வாசலில் வாப்பா

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஹாஜியார் படியேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "கோவிச்சுக்காதீங்க டீச்சர். போன தடவை எழுதினா, பாஸ் வரல்ல. அதனால இந்தத் தடவையும் வராது. புள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் நான் பேசினால் அது எனக்கும் அவருக்கும் நடக்கும் சண்டையாகிவிடும், பிள்ளை அதோடு போய்விடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரிஸானா புத்தகங்களை அடுக்கினாள். பையை மூடினாள். பெற்ற வாப்பாவை எந்த விரலால் மறைப்பது? போயிற்று, எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

எழுந்தவள் நடக்கவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "வாப்பா சொல்றது சரி, போன தடவை வரல்லதான். ஆனா போன தடவை எழுதின அதே ரிஸானாதான் இந்தத் தடவையும் எழுதப் போறான்னு வாப்பா நினைச்சுக்கிட்டீங்க. அதை வாப்பா வாயால சொல்லல்ல. அது பிழைன்னா, மத்ததும் நிக்காது வாப்பா."

நவாஸ்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இதைத்தான் படிச்சுக் குடுக்கிறீங்களா?" என்று ஹாஜியார் என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "எத்தனை மணிக்கு முடியும் டீச்சர்? நான் கீழே கடையில இருக்கேன்."

மிளகுக் கடைப் பக்கம்

பரீட்சை முடிந்து அவள் எனக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை, பயம். முடிவு வரும்வரை ஹாஜியாரின் கடை இருக்கும் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போனேன். மிளகு விளையும் ஊரில் இருந்துகொண்டு மிளகுத்தூளைப் பாக்கெட்டில் வாங்கிச் சமைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் போன் வந்தது, ஹாஜியாரிடமிருந்து. எடுத்ததுமே சொன்னார்: "மகள் பாஸ் டீச்சர். கொழும்பில தனியா தங்க வேணாம்னு ராத்திரி நாலு காரணம் சொன்னேன், நாலுலயும் ஓட்டை காட்டிட்டா. இப்ப நான் பேசுறதுக்கும் ஒரு வகுப்பு வைப்பீங்களா?"

வினாத்தாளை மடக்கத்தான் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறோம், முதலில் மடங்குவதென்னவோ பெற்றவர்கள்தான்.