சத்தம் போடாத தரை

செஞ்சியில் எங்கள் வீட்டு மாடியில் நான் தனியாக இருக்கிறேன். ஜாக்கெட் தைக்கிற பிழைப்பு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாயிற்று, மகள் ஓசூரில் குடும்பமாகிவிட்டாள். கீழ் வீட்டில் ஓர் அக்காவும் அவள் கணவரும் வாடகைக்கு இருக்கிறார்கள். அவருக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை, பகலில்தான் தூக்கம். அந்தத் தூக்கத்துக்கு நேர் மேலே என் தையல் மெஷின். மோட்டார் வைத்த பழைய மெஷின். ஓடினால் வெறும் சிமெண்டுத் தரை கிடுகிடுவென்று ஆடும்.

அக்கா ஒட்டடைக் கம்பால் கீழேயிருந்து இடிப்பாள். பிறகு படிக்கட்டில் குரல் வரும்.

"ஏம்மா, துணி தைக்கிறியா, நெல்லு அரைக்கிறியா?"

"ரெண்டும்தான். மேல வாக்கா, தவிடு தரேன்."

"தவிட்ட நீயே துன்னு" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுத்தான் இறங்குவாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு நின்றது, வாய் நிற்கவில்லை. ஆனால் வாய்க்கும் எதிரே ஒரு காது வேண்டுமே. எனக்கு வாய்த்த காது அக்காதான்.

ஒருநாள் அக்கா வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"இவருக்கு பிரஷர் ஏறிக்கிச்சு. நல்லாத் தூங்கியே ஆவணும்னுட்டாரு டாக்டரு. அவலூர்பேட்டையில என் தம்பி வூடு சும்மாதான் கெடக்குது. அங்க போயிடலாம்னு இருக்கோம்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. என்னிடம் தைக்க வரும் பூக்கார அம்மா சொல்வாள், கத்துகிறவள் கூடவே இருப்பாள், மெதுவாகப் பேசுகிறவள் மூட்டை கட்டிவிட்டாள் என்று. கீழ்க்கதவு பூட்டிக் கிடந்தால் இந்தக் கட்டடத்தில் நானும் பல்லியும்தான்.

"ஒரு மாசம் பொறுக்கா. சத்தத்துக்கு நான் ஒரு வழி பண்றேன்" என்றேன்.

வழி கடைத்தெருவில் கிடைத்தது. ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போனபோது, கூடத்தில் மரப்பலகை மாதிரி தரை. நடந்தால் காலடியே கேட்கவில்லை. "மரமில்ல, வினைல்னு ஒரு பிளாஸ்டிக் பலகை. அடியில மெத்து இருக்குது" என்றாள் அந்த வீட்டம்மா. அந்த வேலையைச் செய்தவரையே வரச் சொன்னேன்.

அவர் பெட்டிகளைக் கொண்டுவந்து, ரெண்டு நாள் அறைக்குள்ளேயே படுக்கவைத்தார். "நம்ம ஊரு சூட்டுக்கு அதுவும் பழகணும்ல" என்றார். பிறகு பலகையைப் பலகையோடு சாய்த்துக் கோர்த்து, ரப்பர் சுத்தியால் தட்டினார். பசை கிடையாது, ஆணி கிடையாது. கத்தியால் ஒரு கோடு கிழித்து மடக்கினால் பிஸ்கட் மாதிரி உடைந்தது. ஜன்னல் மூலையில், வீடு கழுவின தண்ணீர் போகிற ஓட்டை இருந்தது. அதையும் அடைத்து மேலே பலகை போட்டுவிட்டார்.

"செவுத்தோரம் கொஞ்சம் எடம் வுட்டுத்தாங்க போட்டிருக்கேன். வெயில்ல பலகை விரியும். மேல பீடிங் பட்டை அடிச்சிட்டேன், இடைவெளி தெரியாது. தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாது. ஈரத்துணியில தொடச்சாப் போதும்."

இதில் 'தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாது' என்பது மட்டும் என் மனசில் உட்கார்ந்துகொண்டது.

அக்கா படிக்கட்டில் பார்த்தபோது, "அவரு நல்லாத் தூங்கறாரும்மா. அவலூர்பேட்டைப் பேச்ச வுட்டாச்சு" என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் கம்பு இடிக்கவில்லை. இடிக்கக் காரணமில்லை, மேலே வரவும் காரணமில்லை. நான் கீழே போகலாம்தான். அவர் தூங்கிக்கொண்டிருப்பாரே, கதவைத் தட்டினால் எதற்காகத் தரை போட்டேன்? மெஷின் ஓடினால் யார் வீட்டிலோ ஓடுவது போலிருந்தது. என் நடையே எனக்குக் கேட்கவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே கத்தரிக்கோலைக் கீழே போட்டுப் பார்த்தேன். தலையணை மேல் விழுந்த மாதிரி விழுந்தது. காபியை ஒரு டம்ளராகக் குறைத்தேன். தைக்கக் கொடுக்க வருகிறவர்களை, அளவெடுத்த பிறகும் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்தேன். அவர்களுக்கு பஸ் இருக்கும், அடுப்பில் குக்கர் இருக்கும்.

தரை போட்ட பிறகு முதல் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை வீடு கழுவாமல் விளக்கேற்றி எனக்குப் பழக்கமில்லை. வாளி வாளியாய் ஊற்றி, துடைப்பத்தால் ஜன்னல் மூலைக்குத் தள்ளினேன். தண்ணீர் சுவரோரமாய்ப் போய் மறைந்தது. ஓட்டை இல்லாமலே போகிறதே, நல்ல தரைதான் என்று இன்னொரு வாளியும் ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து கூச்சல். படிக்கட்டில் தடதடவென்று காலடி.

"அடிப்பாவி, மேல இன்னா, ஏரிய வெட்டி வுட்டுக்கிறியா? ஃபேன் கொக்கியிலருந்து தண்ணி சொட்டுது! அந்த மனுஷன் மழைன்னு எழுந்து மொட்ட மாடியில துணி எடுக்க ஓடிக்கினு இருக்காரு!"

எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. மன்னிப்புக் கேட்க வேண்டியவள், "உக்காருக்கா, காபி போடறேன்" என்றேன்.

"காபியா? பலகையப் பேத்து எடு மொதல்ல!"

ரெண்டு பேரும் புடவையைச் செருகிக்கொண்டு, மெஷினை நகர்த்தி, மூலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினோம். அடியில் குளம். துணியில் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தோம். அக்கா பலகையைத் தூக்கியபடி சொன்னாள்:

"சத்தமே இல்லியா, நீ ஊருக்குப் போயிட்டியோன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா கொடியில துணி. ஒடம்பு சரியில்லியோ, வுழுந்து கிழுந்து கெடக்கிறியோன்னு ஒரே ரோசன. மேல வரலாம்னா, வேலையாயிருப்பன்னு வுட்டுட்டேன்."

பிழிந்த துணியையே மறுபடி வாளியில் பிழிந்தேன்.

நனைந்த பலகைகளைக் காயட்டும் என்று மொட்டை மாடியில் பரப்பினோம், வடகம் மாதிரி. செஞ்சி வெயில் சும்மா விடுமா? கோட்டைப் பாறையே கொதிக்கிற வெயில். சாயங்காலம் போனால் பாதி அப்பளமாய் நெளிந்திருந்தது. நல்லதாய் மிஞ்சியதைக் கோர்த்து, மெஷினை அதன்மேல் ஏற்றினோம். ஜன்னல் மூலை மட்டும் பழைய சிமெண்டாகவே நின்றது. இன்னொரு பெட்டி வாங்கலாம் என்றேன்.

"வேணாம், கெடக்கட்டும்" என்றாள் அக்கா. "காலையில அவரு டூட்டியிலருந்து வர்றதுக்கு முந்தி, இந்த மூலையில பூரிக்கட்டையால ரெண்டு தட்டு தட்டு. இருக்கிறியா இல்லியான்னு எனக்குத் தெரியணும்ல."

தட்டுகிறேன். கீழேயிருந்து கம்பு பதில் சொல்லும். சில நாள் காபிக்கும் வருவாள், பல நாள் வரமாட்டாள். போன ஞாயிறு ரெண்டு பேரும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அனந்தபுரம் போயிருந்தார்கள். முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் போனாள். தெரிந்தும், எழுந்ததும் போய் அந்த மூலையில் உட்கார்ந்து தட்டினேன்.