கூடவே சிரித்தவர்

ஆபீஸில் அவருக்கு ஹிலாரியஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. டீ கொண்டுவருபவர்கூட "ஹிலாரியஸ் சார், சர்க்கரை கம்மியா?" என்றுதான் கேட்பார். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

கடல் தாண்டி இருக்கும் இங்கிலீஷ்காரர்களின் வீட்டு வாஷிங் மெஷின் மக்கர் பண்ணினால் அவர்கள் கூப்பிடுகிற போன் இவர் காதில் வந்து அடிக்கும். கதவு திறக்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, போட்ட சாக்ஸில் ஒன்றைக் காணவில்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் இந்த வேலைக்கு வந்தார். இப்போது ஹெட்போன் அழுத்தும் இடத்தில் மட்டும் முடியே இல்லை.

வேலையைவிட, வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதில் அவர் கெட்டிக்காரர். சாப்பாட்டுத் தட்டைப் போட்டதும் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். "இன்னிக்கு எந்தக் கிறுக்கன் மாட்டினான்?" என்பாள். அவர் இங்கிலீஷ்காரன் குரலிலும் தன் குரலிலுமாக மாறி மாறிப் பேசிக் காட்டுவார். எல்லாக் கதையிலும் கடைசியில் ஜெயிப்பது அவர்தான்.

அந்த வீட்டில் மிகவும் புகழ்பெற்ற கதை ஒன்ஸ் மோர் கதை. அவருடைய சகலை டைல்ஸ் கடை வைத்திருப்பவர். "என்ன சகலை, இன்னும் ஹலோ ஹலோதானா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டபோது, அவர் வாயை அடைக்க எடுத்துவிட்ட கதை அது.

"மெஷினைப் போட்டா சமையலறை பூரா நடந்து போகுதுன்னு ஒருத்தன் புகார் சொன்னான். வாசக்கதவைச் சாத்தி வைங்க சார், தெருவுக்குப் போயிடப் போகுதுன்னேன். அவ்வளவுதான். சிரிப்புன்னா சிரிப்பு, அப்படிச் சிரிக்கிறான். என்னைத் தூக்கி ஸ்பீக்கர்ல போட்டான். வீட்டுல இருந்த கூட்டம் மொத்தமும் வந்து நின்னுடுச்சு. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்னு ஒரே கத்தல். யூ ஆர் ஹிலாரியஸ், பயங்கர வேடிக்கையான ஆளுய்யா நீன்னு சொல்லி முழு மார்க்கும் போட்டுட்டான்!"

சகலை அன்றைக்கு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் இந்தக் கதையை வகுப்பில் சொல்லிக் கைதட்டு வாங்கிவந்தாள். படிப்பு முடித்து வேலை தேடும் வயது வந்தபோது, "அப்பா ஆபீஸ்லயே சேர்றேனே" என்று கேட்டவளும் அவள்தான். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆள் எடுக்கும் மேனேஜரிடம் இரண்டு முறை போய் நின்று சொல்லிவைத்தார். அந்தப் பெருமையில் ஒரு விஷயம் அடியோடு மறந்துபோயிற்று.

நினைவுபடுத்தியது ட்ரெயினிங் மேடம். அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அவரை அண்ணா என்பாள், அவர் அவளை மேடம் என்பார்.

"அண்ணா! பொண்ணு செலக்ட் ஆயிட்டா, ட்ரீட் எங்கே?"

"வெச்சுடலாம் மேடம்."

"வியாழக்கிழமை அவ பேட்ச்சுக்கு சிரிப்பு கிளாஸ், கஸ்டமர் சிரிச்சா எப்படிப் பேசணும்னு. உங்க பழைய கால் ரெகார்டிங்கைத்தான் போட்டுக் காட்டப்போறேன். யாரு பேசறாங்கன்னு முன்னாடி சொல்ல மாட்டேன். அப்பா குரலைக் கேட்டதும் அவ முகம் போற போக்கைப் பார்க்கணும்!"

அவர் மறந்துபோயிருந்தது அந்த ரெகார்டிங்கைத்தான்.

நடந்தது இதுதான். மெஷின் நடந்துபோகிறது என்று ஒருவன் போன் செய்தது உண்மை. ஸ்பீக்கரில் போட்டதும், கூட்டம் கூடியதும் உண்மை. வாசக்கதவைப் பற்றிய பதிலை மட்டும் அவர் சொல்லவே இல்லை. அது போனை வைத்தபின், பாத்ரூமில் முகம் கழுவும்போது தோன்றியது. அவர் சொன்னதெல்லாம், மெஷினின் கால்களைச் சமமாக வைத்தால் வைப்ரேஷன் குறையும் என்பதுதான். வைப்ரேஷன் என்ற அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்த விதம் அந்த ஆளுக்குப் பிடித்துப்போயிற்று. மூக்கால் இழுத்து அதேபோல் சொல்லிப் பார்த்தான். பின்னால் ஒரு பெண் கிளுக்கென்று சிரித்தாள். "இன்னொரு தடவை சொல்லு" என்றான். சொன்னார். எல்லாரும் குபீரென்று சிரித்தார்கள். "எங்க மாமா இப்பத்தான் உள்ளே வர்றார், அவருக்காக ஒரு தடவை" என்றான். சொன்னார். ஒன்ஸ் மோர் கேட்டார்கள் என்று அவர் வீட்டில் சொன்னது அந்த வகையில் பொய்யே இல்லை.

ஒவ்வொரு தடவையும் அவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். அதுதான் அந்த ரெகார்டிங்கில் தெளிவாகக் கேட்கும்.

மறுநாள் காலையிலேயே மேடத்தின் மேஜைமுன் போய் நின்றார்.

"மேடம், அந்த கால் ரொம்பப் பழசு. கொரகொரன்னு இருக்கும். வேற ஏதாவது புதுசாப் போடலாமே?"

"என்னண்ணா நீங்க! அந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா? அந்த ஆளு அந்தப் போடு போடறான், உங்க குரல் ஒரு இழை மாறல. இப்ப வர்ற பசங்க யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. அவங்க இதைக் கேட்கணும் அண்ணா."

அவள் கிண்டல் பண்ணவில்லை. மனதாரத்தான் சொன்னாள். கிண்டல் பண்ணியிருந்தால் கோபித்துக்கொண்டாவது வெளியே வந்திருக்கலாம். என் பொண்ணு அதைக் கேட்கக் கூடாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். 

"அப்போ ஒண்ணு பண்ணலாம்," என்றார். "ரெகார்டிங் எதுக்கு? நானே வந்து கிளாஸ் எடுக்கறேன்."

"அண்ணா! நிஜமாவா?"

நிஜமாகத்தான். தானே பேசித் தீர்த்து, மணி அடிக்கும்வரை இழுத்துவிட்டால் ரெகார்டிங்குக்கு நேரம் இருக்காது. அதுதான் கணக்கு.

வியாழக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். வகுப்பறையில் புதுப் பிள்ளைகள் கழுத்தில் விறைப்பான அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் மகள். ஆபீஸில் அப்பா என்று கூப்பிடக்கூடாது என்று அவரே சொல்லியிருந்ததால், புன்னகையை உதட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள்.

அன்றைக்கு அவர் வெளுத்து வாங்கினார்.

"நமக்கு ஒண்ணு பிடிச்சா சிரிப்போம். பக்கத்துல இருக்கிறவன் முதுகுல ரெண்டு போடுவோம். இங்கிலீஷ்காரன் அப்படி இல்ல. மூஞ்சியை அப்படியே வெச்சுக்கிட்டு தட்ஸ் ஃபன்னின்னு சொல்லுவான். ரசீது மாதிரி. சரக்கு வராது, ரசீது மட்டும் வரும். பயப்படாதீங்க, அவன் நிஜமாவே ரசிச்சிருக்கான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"அடுத்தது மூக்குச் சிரிப்பு. போன்ல டயர்ல காத்து இறங்கின மாதிரி புஸ்ஸுனு கேக்கும். லைன் கட்டாயிடுச்சுன்னு வெச்சுடாதீங்க. சில பேரு ஒரே ஒரு ஹா. ரெண்டாவது ஹாவுக்குக் காத்திருந்தா ஷிஃப்ட் முடிஞ்சிடும். அப்புறம் யூ ஆர் கில்லிங் மீன்னு சொல்லுவான், ஐ ஆம் டையிங்னு சொல்லுவான். நம்மள்ல ஒருத்தன் அதைக் கேட்டு, சார் வீட்டுல வேற யாராவது இருக்காங்களான்னு பதறிட்டான்!"

அவர் இழுத்து இழுத்துப் பேசினார். வெரி ஃபன்னி என்பதை மெதுவாகச் சொன்னால் அவனுக்குக் கோபம் என்று அர்த்தம். அதை நாலு விதமாகச் சொல்லிக் காட்டினார். வாடிக்கையாளர் ஒரு படி சிரித்தால் நாம் அரைப் படி சிரிக்க வேண்டும், அதற்கு மேல் போனால் வழிசல் என்றார். மகள் பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் அவரை வியப்போடு பார்த்ததிலிருந்து, என்ன சொல்லியிருப்பாள் என்று தெரிந்தது. சுவர்க் கடிகாரமும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பின்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரன் கையைத் தூக்கினான். "சார், நம்ம கூட சிரிக்கிறாங்களா, நம்மளப் பார்த்துச் சிரிக்கிறாங்களான்னு எப்படித் தெரியும்?"

"அது குரல்லயே தெரிஞ்சிடும்ப்பா," என்றார். யோசிக்காமல் வந்துவிட்டது. "நாலு கால் எடுத்தா தெரிஞ்சிடும். தெரியாம இருக்கவே இருக்காது."

மணி அடிக்கச் சில நிமிடங்கள்தான் பாக்கி. நன்றி சொல்லிவிட்டு மேஜையைச் சுற்றி வந்தவரை மேடம் கையால் தடுத்தாள்.

"இருங்கண்ணா, இருங்க. ஃப்ரெண்ட்ஸ், சாரு தன்னைப் பத்தித் தானே சொல்லிக்க மாட்டாரு. ஹிலாரியஸ்னு பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டுட்டுப் போங்க." பட்டனை அழுத்திவிட்டாள்.

கொரகொரப்பெல்லாம் இல்லை. பளிச்சென்று இருந்தது. தன் இளமைக் குரல், எஸ் சார் எஸ் சார் என்று ஓடிவருவதைக் கேட்டார். மெஷின் நடக்கிறது என்று அந்த ஆள் சொன்னபோது மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த கதை. வாசக்கதவு வரப்போகிறது என்று பக்கத்துப் பெண்ணின் முழங்கையை இடித்தாள்.

வாசக்கதவு வரவில்லை. வைப்ரேஷன் வந்தது. அந்த ஆள் மூக்கால் இழுத்தான். இன்னொரு தடவை என்றான். மாமாவுக்காக ஒரு தடவை என்றான்.

வகுப்பு சிரித்தது. சின்னப் பிள்ளைகள், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த ஆள் இழுத்த இழுப்பு அப்படி. ரெகார்டிங்கில் கூட்டம் சிரிக்க, இளமைக் குரல் அதோடு சேர்ந்து அரைப் படி சிரிக்க, இங்கே வகுப்பும் சிரிக்க, முன்னால் நின்ற அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது. அவரும் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார்.

சிரித்துக்கொண்டேதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அவள் ரெகார்டிங் வரும் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் கைதட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். மகளும் தட்டினாள்.

மாலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வழக்கமாகத் தோளைப் பிடித்துக்கொள்பவள் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் தேவையில்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்தார். ஏதாவது கேட்டுவிடு என்று ஒரு மனம், கேட்டுவிடாதே என்று ஒரு மனம்.  பெரிய சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டாள்.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"அந்த ஆளு என்ன பண்றான்னு அப்போ உங்களுக்குப் புரியலையாப்பா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. புரிந்தது என்றால், தெரிந்தே குனிந்து நின்றவர். புரியவில்லை என்றால், இத்தனை வருஷம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஆடிய ஆட்டம் எல்லாம் பொய், இங்கிலீஷ் அரைகுறை. இரண்டில் எது குறைந்த அவமானம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பின்னால் இருந்த லாரி அலறியது.

"புரியலம்மா," என்றார்.

"நானும் அதான் நினைச்சேன்," என்றாள் உடனே. அவ்வளவு உடனே சொன்னதில் இருந்தே அவளும் அதை நம்பவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. நம்புவதென்று முடிவு செய்திருக்கிறாள். குரலிலேயே தெரிந்துவிடும் என்று அவர் வகுப்பில் சொன்னதை அவளும் கேட்டவள்தானே. ஆனாலும் கை பின்கம்பியை விட்டு அவர் தோளுக்கு வந்தது.

அன்று சாப்பிடும்போது மனைவி வழக்கம்போல "இன்னிக்கு யாரு மாட்டினா?" என்றாள். தலைவலி என்று எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மகள் அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை. டிவியில் இங்கிலீஷ் தொடர் ஓடும்போது ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைப்பாள். "இப்ப அவன் நல்லா இருக்குன்னு சொன்னான் இல்லப்பா? நிஜமாச் சொல்லல. குரலைக் கவனிங்க, கொஞ்சம் இழுக்கறான். கிண்டல் பண்றான்." நிறுத்தி நிறுத்தி, நோயாளிக்கு மாத்திரை சொல்லும் நர்ஸ் மாதிரி சொல்வாள்.

"நல்லா இருக்குடி கதை," என்றாள் அம்மா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "அப்பாவுக்கே நீ சொல்லித் தர்றியா? ஆபீஸ்ல அவருக்குப் பேரே ஹிலாரியஸ்."

"சில விஷயம் அப்பாவுக்குப் பிடிபடாதும்மா. அதுல என்ன?"

"என்னங்க, பேசாம உட்கார்ந்திருக்கீங்க?"

 அந்த நடிகன் வாயைத் திறக்கும் முன்பே என்ன சொல்லப்போகிறான், எந்த இடத்தில் மூக்கால் சிரிப்பான் என்று அவருக்குத் தெரியும். போதும் கண்ணு, எனக்குத் தெரியும் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அன்றைக்கும் தெரிந்திருந்தது என்று ஆகிவிடும். மகள் அவருக்காகக் கஷ்டப்பட்டுப் பிடித்துவைத்திருக்கும் ஒரே பொய் அது.

"அவ சொல்லட்டும்," என்றார் மனைவியிடம். மகள் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "கிண்டல்தானா அது? நான் நிஜம்னுல்ல நினைச்சேன். இன்னொரு தடவை போடு, பார்ப்போம்."

அவள் காட்சியைப் பின்னால் ஓட்டினாள்.